கேஜ் வாங்குமுன் டயலின் கடைசி எண்ணைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சைக்கிள் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேரும் படித்தோம். செயினுக்கு எண்ணெய் விடுவது, பிரேக் கட்டை தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது, ஹப்பில் கிரீஸ் வைப்பது என்று எழுதியவர் சொன்னதெல்லாம் சரியே. என் வழக்கு காற்று பற்றியும், காற்றழுத்தத்தை அளக்கும் கருவியான கேஜ் பற்றியும் வந்த இரண்டு வரிகளோடுதான். "டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே போதும், துல்லியம் வேண்டுவோர் டிஜிட்டல் கேஜ் வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதி முடித்துவிட்டார். முதல் பாதி பழைய தவறு, இரண்டாவது பாதி புதிய தவறு.

நான் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாய்லரிலும் கம்ப்ரஸரிலும் நீராவிக் குழாயிலும் மாட்டியிருக்கும் பிரஷர் கேஜ்களைக் கழற்றி வந்து, சோதித்து, திருத்தி, தேதிச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் பிழைப்பு. இப்போது அந்த வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது. எனக்குப் பழைய பாணியில் ஒரு கனமான சைக்கிள், மருமகனுக்கு 28 மில்லிமீட்டர் ஒல்லி டயர் போட்ட ரோடு சைக்கிள், பேத்திக்கு மண்பாதையில் ஓட்ட 56 மில்லிமீட்டர் தடித்த டயர். மூன்று சைக்கிளுக்கும் மூன்று வகை வால்வு. மூன்றையும் ஒரே பம்ப் பார்த்துக்கொள்ளும் என்று மருமகன் நம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் கட்டைவிரல். டயரை அழுத்தும்போது விரலுக்குத் தெரிவது டயர்த் துணியின் விறைப்பு. அந்த விறைப்பு உள்ளே இருக்கும் அழுத்தத்தோடு டயரின் பருமனையும் பெருக்கி வருவது. பேத்தியின் டயர் மருமகனுடையதைப் போல் இரண்டு மடங்கு பருமன். அதனால் அவர் டயரில் 75 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கும்போது வரும் விறைப்பு, அவள் டயரில் 37 அல்லது 38-லேயே வந்துவிடும். அவள் எடைக்கும் அவள் போகும் பாதைக்கும் 24 போதும். ஒல்லி டயருக்குப் பழகிய விரல் அந்த 24-ஐத் தொட்டுப் பார்த்து "காத்தே இல்லையேம்மா" என்றுதான் சொல்லும். சொன்னது. டயரின் மேல் ரப்பர் எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறுத்தும் விரல் ஏமாறும். டியூப் பஞ்சராகியிருக்கிறதா என்று பார்க்க விரல் போதும். அதற்கு மேல் அதை நம்ப முடியாது.

இனி கேஜ். கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது முள்ளா டிஜிட்டலா என்றுதான். நான் முதலில் பார்ப்பது டயலின் கடைசி எண்ணை. காரணம் சொல்கிறேன்.

பிரஷர் கேஜின் துல்லியத்தை, காட்டும் எண்ணில் இத்தனை சதவீதம் என்று சொல்வதில்லை. முழு அளவில், அதாவது டயலின் கடைசி எண்ணில், இத்தனை சதவீதம் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் தரநிலையில் 'பி' என்று ஒரு வகுப்பு உண்டு. டயலின் நடுப்பாதியில் முழு அளவில் 2 சதவீதம் வரையும், முதல் கால்பகுதியிலும் கடைசிக் கால்பகுதியிலும் 3 சதவீதம் வரையும் பிழை இருக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. மருமகனின் பம்ப்பில் இருக்கும் டயல் 0 முதல் 160 வரை. அதை 'பி' வகுப்பு என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அவருடைய 75 நடுப்பாதியில் விழுகிறது. பிழை கூடிப்போனால் 3.2 பிஎஸ்ஐ. 75-க்கு அது பொருட்டே இல்லை. பேத்தியின் 24 விழுவதோ முதல் கால்பகுதியில். அங்கே அனுமதிக்கப்பட்ட பிழை 4.8 பிஎஸ்ஐ. ஆக, முள் 24-இல் நிற்கும்போது உள்ளே இருப்பது 19 ஆகவும் இருக்கலாம், 29 ஆகவும் இருக்கலாம். கேஜ் மேல் குற்றம் சொல்ல முடியாது. 19-இல் கல் மேல் ஏறினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு கீறல் விழும். 29-இல் பின்சக்கரம் பிடிப்பு விட்டுத் துள்ளும்.

அதே பேத்திக்கு 0 முதல் 60 வரை உள்ள டயல் கொடுத்தால் 24 நடுப்பாதிக்குள் வந்துவிடும். பிழை 1.2 பிஎஸ்ஐக்குச் சுருங்கிவிடும். அதே வகுப்பு, அதே தரமான முள். டயலின் கடைசி எண் மட்டும்தான் வேறு. எங்கள் பிரிவில் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது இதுதான்: வழக்கமாக ஓடும் அழுத்தம் டயலின் நடுவே வர வேண்டும். சைக்கிளுக்கும் அப்படித்தான். நீங்கள் அடிக்கும் காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கில் முடியும் டயலைத் தேடுங்கள். 24 அடிப்பவருக்கு 50 அல்லது 60, 75 அடிப்பவருக்கு 150 அல்லது 160. ஒல்லி டயரும் தடித்த டயரும் இருக்கும் வீட்டில் இரண்டு கேஜ் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்று என்று விற்கப்படும் 200 பிஎஸ்ஐ கேஜ் யாருக்கும் சரிப்படாது.

சிலவற்றில் டயலின் மேலேயே வகுப்பு எண் அச்சாகியிருக்கும். ஐரோப்பியத் தரநிலைப்படி 1, 1.6, 2.5 என்று வரும். முழு அளவில் அத்தனை சதவீதம் பிழை என்று பொருள். 1.6 இருந்தால் சைக்கிளுக்கு ஏராளம். எதுவுமே போடாமல் "உயர் துல்லியம்" என்று அட்டையில் மட்டும் எழுதியிருப்பதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இந்த இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். பருமனான டயரில் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் ஓட்டுபவரின் கைக்கே தெரியும். இன்னொன்று, இப்போது கொக்கி இல்லாத ரிம்கள் வருகின்றன. டயரின் ஓரத்தைப் பிடிக்கும் உதடு அவற்றில் கிடையாது. அவற்றுக்கு உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 72.5 பிஎஸ்ஐ. அதைத் தாண்டினால் டயர் ரிம்மை விட்டுப் பிதுங்கி வெளியேறலாம். அப்படிப்பட்ட ரிம்மில் 70 அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு 75 அடிப்பவருக்கு, கேஜின் பிழை வெறும் எண்கணக்கு இல்லை.

(எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது தனிக் கதை. டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்சம். அதையே அடிக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் ஃபிராங்க் பெர்ட்டோ பாரம் ஏறும்போது டயர்கள் எவ்வளவு அமுங்குகின்றன என்று அளந்து பார்த்து, உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்குவது பொருத்தம் என்றார். தொடங்குவதற்கு அது நல்ல இடம்.)

டயலுக்கு அடுத்து வால்வு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேஜ் வாங்கி ஏமாறுகிறவர்களில் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

பேத்தியின் சைக்கிளில் இருப்பது மோட்டார் வாகனங்களில் உள்ள அதே ஷ்ரேடர் வால்வு. இதில் தொல்லை இல்லை. கேஜின் தலையில் இருக்கும் சிறு ஊசி வால்வுக்குள் இருக்கும் ஊசியை அழுத்தும், உள்ளே இருக்கும் காற்று நேராக முள்ளுக்கு வந்துவிடும். மருமகனுடையது மெல்லிய பிரெஸ்டா. அதன் நுனியில் இருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, ஒருமுறை லேசாக அழுத்தி "புஸ்" என்று விட்ட பிறகுதான் கேஜை வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டிக்கொண்டிருக்கும் வால்வு சரியாகத் திறக்காது. பிரெஸ்டாவுக்கு வாங்கும்போது பிரெஸ்டா தலை உள்ள கேஜையே வாங்குங்கள். ஷ்ரேடர் கேஜுக்குப் பித்தளை அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் காற்று கசிய அங்கே இன்னொரு மூட்டு கூடிவிடுகிறது.

பிரெஸ்டாவில் பம்ப்பின் கேஜைப் பற்றி இன்னொரு சங்கதி. பம்ப்பை மாட்டிய உடனே முள் பூஜ்யத்தில் கிடக்கும். டயரில் காற்றே இல்லை என்று பதற வேண்டாம். பம்ப்பின் முள் படிப்பது குழாயில் இருக்கும் அழுத்தத்தை. வால்வு திறக்கும் வரை டயரின் அழுத்தம் அதற்குத் தெரியாது. ஓரிரு முறை அடித்து, குழாய் அழுத்தம் டயரை மிஞ்சும்போதுதான் வால்வு திறந்து முள் உண்மைக்குப் பக்கத்தில் வரும். அப்போதும் அடிக்கும்போது ஏறி, நிறுத்தும்போது இறங்கும். ஆட்டம் நின்ற பிறகு காட்டுவதைத்தான் படிக்க வேண்டும். "நேற்று அடித்த காற்று இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது" என்ற கேள்விக்கு இந்த முள்ளிடம் பதில் கிடையாது. அதற்குத்தான் தனி கேஜ்.

என் சைக்கிளில் இருப்பது பழைய டன்லப் வால்வு, உள்ளே சின்ன ரப்பர் வால்வு டியூப் போட்ட வகை. இதை வைத்திருப்பவர்கள் தனி கேஜ் வாங்கவே வேண்டாம். அழுத்துவதற்கு அதில் ஊசியே கிடையாது; காற்று உள்ளே போகும், கேஜுக்கு வெளியே வராது. பம்ப்பின் கேஜும் இதில் கொஞ்சம் கூட்டியே காட்டும், ஏனென்றால் ரப்பரின் பிடியைத் தள்ளித் திறக்கும் விசையும் அந்த எண்ணில் சேர்ந்துவிடுகிறது. அளந்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஷ்ரேடர் வால்வு உள்ள டியூப்புக்கு மாறிக்கொள்ளலாம். ரிம்மின் துளை பெரும்பாலும் அப்படியே பொருந்தும். நான் மாறவில்லை. பம்ப் காட்டுவது கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்துகொண்டு ஓட்டுகிறேன்.

இப்போது டிஜிட்டல். அதன் மேல் எனக்குப் பகை இல்லை. உள்ளே ஒரு சிறு சவ்வு, அழுத்தம் பட்டால் வளைகிறது. வளைவு மின்சமிக்ஞையாகி எண்ணாக வருகிறது. நல்லதாக இருந்தால் முள்ளைவிட ஒழுங்காகவே வேலை செய்யும், கீழே போட்டாலும் முள்ளைப்போல் உடனே மனம் மாறாது. என் சண்டை அந்தத் தசமப் புள்ளியோடு. திரையில் 24.5 என்று வருவதால் அந்த அரை பிஎஸ்ஐ நிஜமாகிவிடாது. அதே கேஜின் காகிதத்தில் "முழு அளவில் 1 சதவீதம்" என்றும் முழு அளவு 150 என்றும் இருந்தால் பிழை 1.5 பிஎஸ்ஐ. அரை பிஎஸ்ஐ காட்டும் திரை, ஒன்றரை பிஎஸ்ஐ தவறலாம். இங்கேயும் பழைய கதைதான்: கடைசி எண்ணைப் பாருங்கள். பேட்டரி இறங்கும்போது முன்கூட்டி எச்சரிக்கிறதா, எண் திரையில் நிற்கிறதா, பார் அளவுக்கு மாற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

பேனா வடிவில் ஒரு கேஜ் கிடைக்கும். உள்ளே பிஸ்டனும் ஸ்பிரிங்கும், அழுத்தம் வந்தால் ஒரு குச்சி வெளியே தள்ளும். பையில் போட்டுக்கொள்ள வசதி. கோடுகள் நெருக்கம், தூசி போனால் சிக்கும். வேறு எதுவும் இல்லாத இடத்துக்குத்தான்.

முள் கேஜ் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அதன் உள்ளே இருப்பது வளைந்த தட்டைக் குழாய். அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். யூஜீன் பூர்டான் 1849-இல் பாரிஸில் காப்புரிமை பெற்றது அது. டன்லப் தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்று டயருக்குக் காப்புரிமை பெற்ற 1888-ஐவிட மூத்தது! இத்தனை வயதான கருவியின் பலவீனங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே. ஓங்கி விழுந்தால் குழாய் வளைவு மாறிப்போய் முள் நிரந்தரமாக இடம் பெயர்ந்துவிடும். ஆகவே சுற்றிலும் ரப்பர் உறை இருப்பதை எடுங்கள். பூஜ்யத்தில் ஒரு சிறு ஆணி வைத்து முள்ளைத் தடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த ஆணி இருந்தால் பார்வைக்கு அழகு, ஆனால் முள் பூஜ்யத்துக்குக் கீழே நகர்ந்திருந்தாலும் ஆணி அதை மறைத்துவிடும். முள் தானாக வந்து பூஜ்யத்தில் நிற்கும் கேஜ்தான் தன் குறையைத் தானே காட்டும்.

காற்றை வெளியே விடும் பொத்தான் இருந்தால் வாங்கலாம், பயன் உண்டு. கொஞ்சம் கூடுதலாக அடித்துவிட்டுப் பொத்தானால் இறக்கிக் கொண்டுவருவது எளிது. ஒரு எச்சரிக்கை: பூர்டான் குழாய் இறங்கும்போது ஏறும்போதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் இயல்புடையது. இறக்கி முடித்ததும் கேஜைக் கழற்றி மறுபடி வைத்துப் படியுங்கள்.

ஒல்லி டயர்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் டயருக்குள் இருக்கும் இடம் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். கேஜை வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் கேஜுக்குள்ளும் வெளியிலும் கொஞ்சம் காற்று போய்விடும். நீண்ட ரப்பர் குழாய் உள்ள கேஜில் இன்னும் அதிகம். 56 மில்லிமீட்டர் டயரில் ஐந்து லிட்டருக்குமேல் இடம் உண்டு, அங்கே இது தெரியாது. ஒல்லி டயருக்குக் குழாய் குட்டையாக இருப்பதே நல்லது.

வாங்கி வந்ததைச் சோதிப்பது எப்படி? எங்கள் பிரிவில் தெரிந்த எடையைத் தெரிந்த பரப்புள்ள பிஸ்டன் மேல் வைத்து அழுத்தத்தை உண்டாக்கி ஒப்பிடுவோம். வீட்டில் அது முடியாது, தேவையும் இல்லை. ஒரே டயரில் கேஜை வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எண் சிறிது சிறிதாக இறங்கினால் கேஜ் ஒழுங்கானது. போன காற்று அது. ஒருமுறை இறங்கி, அடுத்த முறை ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காற்று தானாக ஏறாது. நகத்தால் கண்ணாடியைத் தட்டும்போது முள் தாவினால் அதுவும் ஆகாது. எப்போதும் 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும் கேஜோடு காலம் தள்ளலாம். உங்களுக்குப் பிடித்த எண் 24-க்குப் பதில் 26 ஆகிறது, அவ்வளவுதான். ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டுவதோடு முடியாது. நண்பரின் கேஜோடு ஒப்பிடுவதாக இருந்தால் நீங்கள் வழக்கமாக அடிக்கும் அழுத்தத்திலேயே ஒப்பிடுங்கள். 80-இல் ஒத்துப்போகும் இரண்டு கேஜ்கள் 24-இல் ஒத்துப்போகும் என்று உறுதி இல்லை.

படிக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். 60 பிஎஸ்ஐ உள்ள டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் கேஜில் சுமார் 2.5 பிஎஸ்ஐ கூடும். வெயிலில் நிறுத்திய சைக்கிளையும் அப்போதுதான் வேகமாகக் காற்றடித்த டயரையும் உடனே அளப்பதில் பொருள் இல்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையோடு ஒரு பெட்டியில் "சைக்கிள் டயருக்கு 50 பிஎஸ்ஐ" என்று பொதுவாகப் போட்டிருந்தீர்கள். பேத்தி அதைக் கத்தரித்துப் பம்ப்பில் ஒட்டிவிட்டாள். நான் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அவளுக்கு அது இரண்டு மடங்கு, மருமகனுக்கு அது மிகக் குறைவு, எனக்கு மட்டும் தற்செயலாகப் பொருந்துகிறது. அடுத்த இணைப்பில் அந்தப் பெட்டியைத் திருத்தி, டயரின் அகலத்தையும் ஓட்டுபவரின் எடையையும் சேர்த்துத் தனித்தனி எண்களாக வெளியிட்டால் நன்று. கேஜ் பற்றி ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால், "டயல் உங்கள் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில் முடியட்டும்" என்ற வரியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கருவிப் பிரிவு ஊழியர்